பேடா, ஸ்டிக்கா, பட்டன் பெட்டியா? – வாசகர் கேள்வி பதில்

வீடியோ கேம் போட்டிக்கு ஆடுறவங்க கன்ட்ரோலர் பத்தி என்ன சந்தேகம் இருந்தாலும் எழுதுங்கன்னு போன இதழ்ல போட்டிருந்தோம். வந்ததுல பாதிக்கு மேல ஒரே கேள்விதான், "எது பெஸ்ட்?" அதுக்கு ஒத்த பதில் கிடையாதுங்க. என்ன கேம், போட்டி எந்த மெஷின்ல நடக்குது, உங்க கை எதுல பழகியிருக்கு, இந்த மூணும் தெரியாம எவன் சொன்னாலும் அது அடிச்சுவிடுறதுதான். அதனால விவரமா எழுதினவங்க கேள்வியா பார்த்து எடுத்திருக்கேன், மத்தவங்க கோச்சுக்காதீங்க.

கேள்வி: டெக்கன் 8-ங்கற ஃபைட்டிங் கேமை ஒரு வருஷமா பிளேஸ்டேஷன் 5-ல (பிஎஸ்5), கூட வந்த பேட்லயே ஆடுறேன். அடுத்த மாசம் காலேஜ் ஃபெஸ்ட்ல டோர்னமென்ட். சீனியருங்க எல்லாம் "சீரியஸா ஆடணும்னா ஆர்கேட் ஸ்டிக் (லீவரும் பட்டனும் வச்ச பெட்டி) வாங்கு, இல்லேன்னா லீவர்லெஸ் (லீவர் இல்லாம பட்டன் மட்டும் வச்ச பெட்டி) வாங்கு, பேடெல்லாம் சின்னப் பசங்க சமாச்சாரம்"னு கலாய்க்கிறாங்க. கையில 12,000 ரூபா இருக்கு. என்ன பண்ண? – கல்லூரி மாணவர், கோயம்புத்தூர்

பதில்: தம்பி, முதல்ல அந்த 12,000-ஐ பத்திரமா எடுத்து உள்ள வை. அப்புறம் சீனியருங்ககிட்ட 2014 ஈவோ பத்தி கேளு. லாஸ் வேகாஸ்ல நடக்குற ஈவோதான் ஃபைட்டிங் கேம் ஆடுறவங்களுக்கு எல்லாத்தையும் விட பெரிய மேடை. அந்த வருஷம் அல்ட்ரா ஸ்ட்ரீட் ஃபைட்டர் 4-ல பட்டம் அடிச்சது லஃபிங்கற பிரெஞ்சுக்காரர். சுத்தி முக்காவாசிப் பேர் மடியில பெரிய பெரிய ஸ்டிக்கை வச்சு உட்கார்ந்திருக்க, மனுஷன் முதல் பிளேஸ்டேஷனோட பழைய பேடை கன்வர்ட்டர் வழியா சொருகி ஆடி கப்பைத் தூக்கிட்டுப் போயிட்டார். அந்த பேட் வந்தது 90-கள்ல, உன் சீனியர்ங்க பொறக்குறதுக்கும் முன்னாடி.

இன்னொண்ணு, டெக்கன் பேடுக்குன்னே அளவெடுத்து தச்ச மாதிரி ஒரு கேம். இடது கை, வலது கை, இடது கால், வலது கால்னு நாலே பட்டன், அது நாலும் பேட்ல வலது கட்டைவிரலுக்குக் கீழ அப்படியே உட்கார்ந்திருக்கு. ஸ்ட்ரீட் ஃபைட்டர்ல மூணு குத்து மூணு உதைன்னு ஆறு பட்டன் வேணும், ரெண்டு பட்டனை தூக்கி மேல ஆர்1, ஆர்2-ல போடணும், அந்த ஆர்2 வேற ஆழமா அமுங்குற ட்ரிக்கர், அங்க ஸ்டிக்கு வாங்கறவன் சொல்ற காரணத்துல கொஞ்சம் நியாயம் இருக்கு. டெக்கன்ல அந்தப் பிரச்சினையே இல்ல.

சரி, ஸ்டிக்கும் லீவர்லெஸ்ஸும் சும்மா பந்தாவுக்கான்னு கேட்டா அதுவும் இல்ல. ஸ்டிக்ல லீவரை ஒரு பக்கத்துல இருந்து எதிர்ப்பக்கம் தள்ளணும்னா நடுவுல நியூட்ரலை, அதாவது எந்தத் திசையும் இல்லாத நிலையைத் தாண்டித்தான் போகணும், ஜப்பான் சன்வா கம்பெனி லீவர்னா கீழ சதுரமா ஒரு தடுப்பு இருக்கும், மூலைக்குப் போனா டக்னு தட்டுப்படும், கொரியா லீவர்னா ரப்பர் போட்டு இழுத்துப் பிடிக்கும், விட்டா பட்டுனு நடுவுக்கு வந்துடும், கொரியாக்காரங்க டெக்கனுக்கு அதை விரும்புறது அதுக்காகத்தான். லீவர்லெஸ்ல லீவரே இல்ல, இடது, கீழே, வலதுன்னு மூணு பட்டன் வரிசையா, மேல போக கட்டைவிரலுக்கு பெருசா ஒண்ணு. விரலை எடுத்தா நியூட்ரல், வச்சா திசை, நடுவுல லீவர் பயணம் பண்ற நேரமே கிடையாது. டெக்கன்ல மிஷிமா குடும்பத்து ஆளுங்களோட எலக்ட்ரிக்ங்கற குத்தை அடிக்க, முன்னாடி, நியூட்ரல், கீழே, அப்புறம் கீழ்-முன்னாடி மூலை வர்ற அதே ஃப்ரேம்ல (திரையில ஓடுற ஒரே படத்துல) பட்டன்னு போகணும் இல்லையா, அதுக்கு லீவர்லெஸ் ரொம்ப சுத்தமா வரும். ஆனா அந்த சுத்தம் வர விரல் புதுசா நடை பழகணும், முதல் சில வாரம் நீ ஜம்ப் பண்ண நினைச்சா உட்காருவ, உட்கார நினைச்சா ஓடுவ. ஃபெஸ்ட் அடுத்த மாசம்ங்கற. வேணாம்.

அதோட உன் ஃபெஸ்ட்ல பிஎஸ்5-ல நடத்துறாங்கன்னா, கம்மி விலைக்கு வர்ற லீவர்லெஸ் பெட்டி பலதும் பிசி-ல ஓடும், ஆனா பிஎஸ்5-ல சொருகினா மெஷின் கண்டுக்கவே கண்டுக்காது, அதுக்குத் தனியா ஒரு கன்வர்ட்டர் வாங்கணும், 12,000 எங்க போச்சுன்னே தெரியாது. இப்போதைக்கு உன் பேடுக்கு நல்ல யூஎஸ்பி ஒயர் ஒண்ணு மூணு மீட்டருக்கு வாங்கிக்கோ. டி-பேடை (இடது பக்கம் இருக்கிற திசை பட்டனை) அழுத்தி அழுத்தி இடது கட்டைவிரல் கொப்புளிக்குது, மூட்டு வலிக்குதுன்னா மட்டும் லீவர்லெஸ் பத்தி யோசி, அதுவும் ஃபெஸ்ட் முடிஞ்சு, யார்கிட்டயாவது ஒரு வாரம் கடன் வாங்கி ஆடிப் பார்த்துட்டு.

கேள்வி: என் மகன் பிளஸ் ஒன் படிக்கிறான். கம்ப்யூட்டர்ல ராக்கெட் லீக் (காரை ஓட்டியும் பறக்கவிட்டும் கால்பந்து ஆடுற கேம்) போட்டி ஆடுறான். ஆடாமலே கார் தானா திரும்புது, பேட்ல இருக்கிற கட்டைவிரல் ஸ்டிக் ட்ரிஃப்ட் ஆகுது, அதனால 18,000 ரூபாய்க்கு "ப்ரோ" கன்ட்ரோலர் வேணும்னு அடம் பிடிக்கிறான். நிஜமாவே அப்படி ஒரு பிரச்சினை இருக்கா, இல்ல புதுசு வாங்க சாக்கு சொல்றானா? – ஒரு தாய், மதுரை

பதில்: பிரச்சினை நிஜம்தாங்கம்மா. 18,000-தான் கொஞ்சம் ஓவர்.

பழைய ரேடியோவுல வால்யூம் திருகு தேஞ்சு போனா கரகரன்னு சத்தம் வருமே, கிட்டத்தட்ட அதே சாமான்தான் இந்த கட்டைவிரல் ஸ்டிக்குக்கு அடியிலயும் இருக்கு. ஒரு கார்பன் தடம், அது மேல உரசிக்கிட்டே போற ஒரு சின்ன உலோகக் கை. வருஷக்கணக்கா உரச உரச தடம் தேஞ்சு, கையை எடுத்தாலும் ஸ்டிக் நடுவுல இல்ல, லேசா இடது பக்கம் இருக்குன்னு மெஷினுக்குப் பொய் சொல்லும். பையன் சொல்றது உண்மையான்னு பார்க்கணும்னா ரொம்ப சுலபம், கன்ட்ரோலரை மேஜை மேல வச்சுட்டு யாரும் தொடாதீங்க, கம்ப்யூட்டர்ல கேம்பேட் டெஸ்டர்னு தேடினா இலவசமா பக்கங்கள் வரும், அதுல ரெண்டு ஸ்டிக்குக்கும் எண் ஓடும். தொடாதப்போ பூஜ்யத்தை ஒட்டி 0.01, 0.02-னு ஆடினா சாதாரணம். 0.10, 0.15-னு போய் நின்னா பையன் பொய் சொல்லல. ராக்கெட் லீக்ல டெட்ஸோன்னு, ஸ்டிக்கோட சின்ன அசைவைக் கண்டுக்காம விடுற ஒரு செட்டிங் இருக்கு, அதைக் கூட்டினா தானா திரும்புறது நிக்கும், ஆனா ஸ்டிக்கை லேசா அசைச்சாலே கார் அசையணும்னு நினைக்கிற ஆட்டம் அது, டெட்ஸோனைக் கூட்டினா பறக்கும்போது கை மரத்துப் போன மாதிரி இருக்கும், அதனாலதான் அவன் அதை ஒத்துக்க மாட்டேங்கறான்.

இதுக்குத் தீர்வு ஹால் எஃபெக்ட் ஸ்டிக். காந்தம் ஒண்ணு, அதுக்கு எதிர்ல சென்சார் ஒண்ணு, ரெண்டும் ஒண்ணை ஒண்ணு தொடவே தொடாது, உரசல் இல்லாததால அந்தத் தேய்மானம் இல்ல. ஏதோ நேத்து கண்டுபிடிச்சதுன்னு விளம்பரம் பண்ணுவாங்க, சேகா கம்பெனி 1998-லயே ட்ரீம்காஸ்ட் கன்ட்ரோலர்ல இதைப் போட்டுட்டாங்க, அப்புறம் ஏன் மத்தவங்க இத்தனை வருஷம் கார்பனையே கட்டிக்கிட்டு அழுதாங்கன்னு அவங்களைத்தான் கேட்கணும். இப்போ டிஎம்ஆர்னு இன்னொரு வகையும் வருது, அதுவும் காந்தம்தான், மின்சாரம் கம்மியா இழுக்கும், அசைவை இன்னும் நுணுக்கமா படிக்கும். கேம்சர், 8பிட்டூ கம்பெனிகள் இந்த ரெண்டு வகையிலயும் நீங்க சொன்ன விலையில பாதிக்கும் ரொம்பக் கீழயே விக்கிறாங்க. பையன் ஆடுறது கம்ப்யூட்டர்லங்கறதால எந்தத் தொல்லையும் இல்ல, பிஎஸ்5-னா பாக்ஸ்ல பிஎஸ்5-னு தெளிவா அச்சடிச்சிருந்தா மட்டும்தான் வாங்கணும்.

வாங்கும்போது ஒண்ணு பாருங்க. கைப்பிடியில மெத்துனு ரப்பர் பூச்சு பூசினது கடையில தொட சுகமா இருக்கும், நம்ம ஊர் வேர்வைக்கும் புழுக்கத்துக்கும் ரெண்டு மூணு வருஷத்துல பிசுபிசுன்னு கையில ஒட்ட ஆரம்பிச்சிடும், துடைச்சாலும் போகாது. வெறும் பிளாஸ்டிக்ல சொரசொரன்னு புள்ளி வச்சதே போதும்.

சொல்ல மறந்துட்டேன், டெக்கன் மாதிரி டி-பேட்ல ஆடுற பசங்க "ஹால் எஃபெக்ட் இருக்கா, டிஎம்ஆர் இருக்கா"ன்னு கேட்டு நிறைய பேர் எழுதியிருக்காங்க. நீங்க ஸ்டிக்கைத் தொடவே போறதில்லையேப்பா, அதுக்கு எதுக்கு காசு.

கேள்வி: ஒயரா, ஒயர்லெஸ்ஸா? 1000 ஹெர்ட்ஸ் போலிங் ரேட்னு போடுறாங்களே, அது இருந்தா நிஜமா ஜெயிக்கலாமா? – பொறியாளர், திருச்சி

பதில்: கணக்கு போட்டே பார்த்துடலாம் சார், நீங்க இன்ஜினியர். ஃபைட்டிங் கேம் நொடிக்கு 60 ஃப்ரேம் ஓடுது, ஒரு ஃப்ரேம் 16.67 மில்லிசெகண்ட். 125 ஹெர்ட்ஸ்ல கேட்கிற பேட்னா கம்ப்யூட்டர் 8 மில்லிசெகண்டுக்கு ஒரு தடவை "ஏதாவது அமுக்கினியா"ன்னு கேட்குது, 1000 ஹெர்ட்ஸ்னா 1 மில்லிசெகண்டுக்கு ஒரு தடவை. ஆக வித்தியாசம் அதிகபட்சம் 7 மில்லிசெகண்ட், அரை ஃப்ரேம்கூட இல்ல. இருந்தா நல்லது, அதுக்காக இருக்கிற நல்ல பேடை தூக்கிப் போட வேணாம். வீட்டு டிவியில கேம் மோட் போடாம ஆடுறாங்க பாருங்க, அங்கதான் படத்தை மெருகேத்துறேன் பேர்வழின்னு டிவி பல ஃப்ரேமை முழுங்கிடும், ரிமோட்டை எடுத்து அதை முதல்ல மாத்துங்க, காசு செலவில்லாத விஷயம்.

போட்டின்னு வந்தா ஒயர்தான், அதுல ரெண்டாவது பேச்சே கிடையாது. வேகத்துக்காக மட்டும் சொல்லல. ஒரே ஹால்ல நூறு போன், அம்பது ப்ளூடூத்து ஓடும். அதை விட மோசமானது, முந்தின ஆட்டம் ஆடினவர் பேட் மெஷின்ல ப்ளூடூத்ல இணைஞ்சபடியே இருக்கும், அவர் பையில போட்டு எழுந்து போகும்போது பட்டன் அமுங்கி உங்க ஆட்டம் நடுவுல அப்படியே நின்னுடும், அதாவது பாஸ் (pause) ஆகும். ஃபைட்டிங் டோர்னமென்ட்கள்ல ஆட்டத்தை பாஸ் பண்ணினவங்க அந்த ரவுண்டை இழக்கிறது வழக்கமான ரூல். அதனால எழுந்து போறதுக்கு முன்னாடி உங்க பேடை டிஸ்கனெக்ட் பண்ணிட்டுப் போங்க.

பிஎஸ்5 ஆளுங்க இன்னொண்ணு கவனிக்கணும். ஒயரை சொருகிட்டா ஒயர்ல ஓடுதுன்னு நினைச்சுக்கிறாங்க, இல்ல, சார்ஜ் மட்டும் ஏறிக்கிட்டு சிக்னல் ப்ளூடூத்லயே போகலாம். செட்டிங்ஸ்ல ஆக்சசரீஸ் உள்ள போய் கன்ட்ரோலர் பகுதியில கம்யூனிகேஷன் மெத்தட்னு இருக்கும், அதை யூஎஸ்பி கேபிள்னு மாத்தினாத்தான் நிஜமான ஒயர்.

கேள்வி: போன்ல ஆடுற பிஜிஎம்ஐ டோர்னமென்ட்டுக்கு எந்த கன்ட்ரோலர் நல்லா இருக்கும்? – பள்ளி மாணவர், தூத்துக்குடி

பதில்: எதுவும் இல்ல. அந்த கேமே கன்ட்ரோலரை ஏத்துக்கிறது இல்ல, கன்ட்ரோலர் பட்டனை ஸ்கிரீனைத் தொடுற மாதிரி மாத்துற ஆப் போட்டு ஆடினா அக்கவுன்ட் போற வழிதான். கன்ட்ரோலர்லதான் ஆடுவேன்னா கால் ஆஃப் டூட்டி மொபைல்ல அனுமதி இருக்கு, ஆனா உன்னை மாதிரி கன்ட்ரோலர் வச்சிருக்கிறவங்களோடதான் கோர்த்து விடும்.

கேள்வி: ராஸ்பெர்ரி பை பீக்கோங்கற குட்டி சிப் போர்டும் 30 மில்லிமீட்டர் பட்டனும் வாங்கி, ஜிபி2040-சிஇங்கற கன்ட்ரோலர் ஃபர்ம்வேர் (போர்டை ஓட்டுற சாஃப்ட்வேர்) ஏத்தி நானே ஒரு லீவர்லெஸ் செஞ்சுட்டேன். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 நல்லா ஓடுது. போட்டியில இதை அனுமதிப்பாங்களா? ஏதோ எஸ்ஓசிடின்னு சொல்றாங்க, புரியல. – ஐடிஐ மாணவர், சென்னை அம்பத்தூர்

பதில்: முதல்ல ஒரு சபாஷ். கடையில வாங்குற பல பெட்டிக்குள்ள இருக்கிறதும் இதே மாதிரி சிப்பும் இதே ஃபர்ம்வேரும்தான், நீ பெட்டிக்கும் பெயிண்டுக்கும் கொடுக்க வேண்டியதை மிச்சம் பண்ணியிருக்க.

எஸ்ஓசிடின்னா ஒரே நேரத்துல எதிரெதிர் திசையை அமுக்குறது. லீவர்ல இடதும் வலதும் ஒண்ணா போக முடியாது, இரும்புக் கம்பி ஒண்ணுதானே. பேட்லயும் டி-பேட் ஒரே துண்டா இருக்கிறதால சாதாரணமா நடக்காது. உன் பெட்டியில இடதுக்கு ஒரு பட்டன், வலதுக்கு ஒரு பட்டன், ரெண்டையும் சேர்த்து அமுக்கலாம். அப்போ மெஷினுக்கு என்ன போகணும்ங்கறதுதான் சண்டையே. கடைசியா அமுக்கினது ஜெயிக்கும்னு வச்சுக்கிட்டா என்ன ஆகும்னு ஸ்ட்ரீட் ஃபைட்டர்ல வர்ற கைல்-ஐ எடுத்துப் பாரு. பின்னாடி பட்டனை அமுக்கிப் பிடிச்சிருக்க, அடியைத் தடுத்துக்கிட்டும் இருக்க, சானிக் பூம்ங்கற அவனோட ஸ்பெஷல் அடிக்கு சார்ஜும் ஏறுது. விரலை எடுக்காமலே முன்னாடி பட்டனை ஒரு தட்டு தட்டி குத்து பட்டனை அடிச்சா பூம் போயிடும், தட்டின விரலை எடுத்த அந்த ஃப்ரேமே மறுபடி பின்னாடி, மறுபடி தடுப்பு, மறுபடி சார்ஜ். லீவர் வச்சிருக்கிறவன் முன்னாடி போயிட்டுத் திரும்பி வரணும், உனக்கு அந்தப் பயணமே இல்ல. இது அநியாயம்னு கத்துனாங்க, கத்துனதுல தப்பும் இல்ல.

2019-ல டைகோ உமேஹாரா, ஸ்ட்ரீட் ஃபைட்டர் உலகத்துல அந்தப் பேர் தெரியாதவங்களே கிடையாது, அவரே காஃப்ரோ பாக்ஸ்னு ஒரு பட்டன் பெட்டியோட வந்தப்போ ஸ்ட்ரீட் ஃபைட்டர் கம்பெனியான கேப்காம் நடத்துற ப்ரோ டூர் போட்டியில அது செல்லாதுன்னுட்டாங்க. அப்புறம் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 வந்த 2023-ல தெளிவா ரூல் போட்டாங்க, இடதும் வலதும் சேர்ந்தா நியூட்ரல், மேலயும் கீழயும் சேர்ந்தாலும் நியூட்ரல், ரெண்டும் ரத்து. அதுக்கு முன்னாடி பல பெட்டிகள்ல மேல-கீழ சேர்ந்தா மேலன்னு இருந்தது, அதுக்காக கம்பெனிக்காரங்க புது ஃபர்ம்வேர் விட வேண்டி வந்துச்சு.

இது ஃபைட்டிங் கேம்காரங்க தலைவலி மட்டும்னு நினைச்சா, 2024-ல ரேசர் கம்பெனி கீபோர்ட்ல ஸ்னாப் டேப்னு இதையேதான் போட்டாங்க, இடது போற ஏ-யும் வலது போற டி-யும் சேர்ந்தா கடைசியா அமுக்கினது ஜெயிக்கும். அடுத்த மாசமே வால்வ் கம்பெனி கவுன்டர் ஸ்ட்ரைக் 2-ல அதுக்குத் தடை போட்டுட்டாங்க.

நீ செய்ய வேண்டியது சுலபம். ஜிபி2040-சிஇ செட்டிங் பக்கத்துல எஸ்ஓசிடி மோடு இருக்கும், நியூட்ரல்னு வை. பட்டன் காம்பினேஷன்ல அந்த மோடை மாத்துற ஹாட்கீ இருக்கும், ஆட்டத்துல தெரியாம மாறிடும், அதையும் எடுத்துடு. அமுக்கிப் பிடிச்சா தானா அடிச்சுக்கிட்டே இருக்கிற டர்போவும் வேணாம், ஒரு பட்டன்ல பல அடி வர்ற மேக்ரோவும் வேணாம். போட்டிக்கு முன்னாடி நடத்துறவங்களைப் பார்த்து பெட்டியைக் காட்டிடு, ட்ரெய்னிங் மோட்ல இன்புட் டிஸ்ப்ளே (அமுக்குறது திரையில தெரியுற செட்டிங்) போட்டு ரெண்டு பட்டனையும் சேர்த்து அமுக்கிக் காட்டு, நியூட்ரல் வர்றதை அவங்களே கண்ணால பார்த்துட்டா பேச்சு முடிஞ்சது. போட்டி கம்ப்யூட்டர்லயா பிஎஸ்5-லயான்னும் கேட்டுக்கோ, பிஎஸ்5-னா உன் போர்டு மட்டும் போதாது, கன்வர்ட்டரும் வேணும்.

அப்புறம் யூஎஸ்பி சொருகுற இடத்தை பீக்கோ போர்டுலயே நேரடியா விடாம, பெட்டி சுவர்ல ஒரு எக்ஸ்டென்ஷன் சாக்கெட் மாட்டி விடு. யாராவது ஒயர்ல கால் தடுக்கினா போர்டுல இருக்கிற அந்தச் சின்ன மைக்ரோ யூஎஸ்பி பேத்துக்கிட்டு வந்துடும்.

கேள்வி: கால் ஆஃப் டூட்டி ஆடும்போது எதிராளிங்க குதிச்சுக்கிட்டே சுடுறாங்க, எனக்கு குதிக்கப் போனா குறி போயிடுது. பின்னாடி பேடில் (கூடுதல் பட்டன்) வச்ச கன்ட்ரோலர் வாங்கினா சரியாகுமா? – வங்கி ஊழியர், சேலம்

பதில்: உங்க வலது கட்டைவிரல் ஒண்ணே ஒண்ணு, அது ஸ்டிக்கை விட்டுட்டு எக்ஸ் பட்டனுக்குப் போற நேரத்துல குறி அனாதையா நிக்குது, அவ்ளோதான் விஷயம். பேடில் இருந்தா நடுவிரல் குதிக்கும், கட்டைவிரல் ஸ்டிக்லயே இருக்கும். ஆனா வாங்குறதுக்கு முன்னாடி கேம் செட்டிங்ல பம்பர் ஜம்பர்னு பட்டன் லேஅவுட் இருக்கு, குதிக்கிறதை எல்1-க்கு மாத்திடும், இலவசம். ஒரு மாசம் அதுல ஆடிப் பாருங்க, பத்தலைன்னா பேடில். ரெண்டு பேடில் போதும், நாலு இருந்தா பிடிக்கும்போதெல்லாம் தெரியாம அமுங்கும்.

பேடில் ஏன் சாதாரண கன்ட்ரோலர்ல வர்றதில்லைன்னு யோசிச்சிருக்கீங்களா? பேடன்ட்டும் ஒரு காரணம். பேடில் கன்ட்ரோலர் விக்கிற ஸ்கஃப் கம்பெனி தரப்பு போட்ட பேடன்ட் வழக்குல, ஸ்டீம் கன்ட்ரோலருக்காக வால்வ் 40 லட்சம் டாலர் கொடுக்கணும்னு 2021-ல அமெரிக்க ஜூரி தீர்ப்பு சொல்லுச்சு.

கேள்வி: க்ரோனஸ் ஜென் வாங்கலாமா? எல்லாரும் வச்சிருக்காங்க. – பேர் வேண்டாம், ஈரோடு

பதில்: பேர் வேண்டாம்னு எழுதினப்பவே உங்களுக்கு பதில் தெரிஞ்சிருக்கு. துப்பாக்கி உதறலை ஸ்கிரிப்ட் போட்டு அடக்குற டப்பா அது, கால் ஆஃப் டூட்டியோட ரிக்கோஷேங்கற ஏமாத்துத் தடுப்பு சாஃப்ட்வேர் 2023-லேர்ந்து அதைக் கண்டுபிடிக்குது.

கேள்வி: வயசு 41. சின்ன வயசுல கடையில டோக்கன் போட்டு ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 ஆடினவன். இப்போ 6 வாங்கினேன், ஹடோக்கன்ங்கற பந்து அடிகூட வர மாட்டேங்குது. ஸ்டிக் வாங்கினா பழைய கை திரும்புமா, இல்ல இந்த வயசுக்கு மேல வேண்டாமா? – வியாபாரி, கும்பகோணம்

பதில்: அண்ணே, 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டுல ஸ்ட்ரீட் ஃபைட்டர் 5 தங்கம் வாங்கின கொரியாவோட கிம் குவான்-வூவுக்கு அப்போ வயசு 44. உங்களுக்கு இன்னும் மூணு வருஷம் இருக்கு.

நீங்க ஒருத்தர்தான் இந்தப் பக்கத்துல ஸ்டிக் வாங்க வேண்டியவர், ஏன்னா உங்க கை பழகினது லீவர்ல. புதுசா வாங்கினா 30 மில்லிமீட்டர் பட்டனும் லீவரும் கழட்டி மாத்துற மாதிரி இருக்கான்னு பாருங்க, சன்வா சாமான் பொருந்தும்னா இப்போ மட்டமான லீவர் இருந்தாலும் பின்னால மாத்திக்கலாம். மடியில வச்சு ஆடுவீங்கன்னா கனமா இருக்கிறதே நல்லது, லேசானது ஆட்டம் சூடானா மடியை விட்டே ஓடும்.

அது வர்ற வரைக்கும் இருக்கிற பேட்ல மாடர்ன் கன்ட்ரோல் போட்டு ஆடுங்க, ஒரு பட்டன்ல ஹடோக்கன் போகும், அப்படி சுலபமா விடுற ஸ்பெஷல் அடிக்கு 20 சதவீதம் பவர் கம்மி, பரவாயில்ல. போட்டியிலயும் அது செல்லும், கூச்சப்பட ஒண்ணுமில்ல. வீட்ல திட்டினா ராத்திரி பட்டன் சத்தத்துக்குத்தான் திட்டுவாங்க, அதுக்கு சத்தம் வராத பட்டன் தனியா விக்குது, சன்வாவுலயே இருக்கு, அதையும் சேர்த்தே வாங்கிடுங்க.

கேள்வி: எஃப்சி கால்பந்து கேம் ஆடும்போது பிஎஸ்5-ஓட டூயல்சென்ஸ் பேட்ல ட்ரிக்கர் இறுகிக்கிட்டு விரல் வலிக்குது. வேற பேட் மாத்தணுமா? – கால்பந்து ரசிகர், நாகர்கோவில்

பதில்: மாத்த வேணாம். பிஎஸ்5 செட்டிங்ஸ்ல ஆக்சசரீஸ், கன்ட்ரோலர், அங்க ட்ரிக்கர் எஃபெக்ட்னு இருக்கிறதை ஆஃப் பண்ணுங்க, அப்படியே வைப்ரேஷனையும். பேட்டரியும் கூடுதலா நிக்கும்.